நோயாளியின் க்ஷேமமும் ஆஸ்பத்திரி ஊழியர் கடமையும்

(ஜோலார்பேட்டை வட்டாரத்து ஆஸ்பத்திரி ஊழியர்க்கான பிரசங்கம்)



ஜோலார்பேட்டை ஜங்ஷனை அறியாதவர் இவ்வட்டாரத்தில் இல்லை. சென்னையிலிருந்து வரும் இருப்புப்பாதை இங்கேதான் பெங்களூருக்கு ஒன்றும் சேலத்திற்கு ஒன்றுமாகப் பிரிகின்றது. ரயில் எஞ்சினில் இருவர் இருக்கின்றனர். கைகாட்டி தென்பட்டவுடன் ஒருவர் அதன் நிறத்தை உரக்கச் சொல்லுகிறார்; மற்றவர் தாமும் பார்த்து அதனைத் திருப்பிச் சொல்லுகிறார். இருவரும் தொழிலில் தேர்ந்தவர்களே. ஆயினும் தேர்ந்தவனும் ஒரு நாள் தவறக்கூடும் என்பதை ரயில்வேயார் ஒப்புக்கொண்டு, அதற்குத் தக்க ஏற்பாட்டைச் செய்திருக்கின்றனர். ஆஸ்பத்திரி ஊழியர் கைக்கொள்ளவேண்டிய தத்துவமும் இதுவே.

வைத்தியசாலை இல்லாத காலத்தில் ஜனங்கள் பட்ட துன்பம் சொல்லுந்தரமன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று ஸ்திரீகள் பிரசவ வேதனையால் மாண்டனர். ஆண் வைத்தியர் பார்க்கலாகாது என்பது அக்குடும்பங்களின் வழக்கம். பெண் வைத்தியரோ அங்கில்லை. அதனைக் கண்ட ஐடா ஸ்கடர் அம்மையார் வைத்தியம் கற்றுத் திரும்பி, 1900-ம் வருஷத்தில் வேலூரில் சிறியதொரு வைத்தியசாலையைத் தொடங்கினார். 1902-ல் அங்கே 40 படுக்கைகளுள்ள ஆஸ்பத்திரி எழுந்தது. 1909-ல் தாதியருக்குப் பயிற்சி தொடங்கிற்று. 1918-ல் பெண்களுக்கான வைத்தியப் பள்ளி திறக்கப்பட்டது. இவ்வாறு அரும்பாடுபட்டு உண்டான ஆஸ்பத்திரிக்குள் வந்தபின், கழுவாத கையாலோ மாறிப்போன மருந்தாலோ ஒரு தாய் மாள்வாளாயின், அவ்வளவு பிரயாசையும் வீணாகிவிடும் அன்றோ?

இது வீண் பயமன்று. வியன்னா நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு பிரசவ விடுதிகள் இருந்தன. வைத்திய மாணாக்கர் பணிபுரிந்த விடுதியில், மருத்துவச்சிகள் பணிபுரிந்த விடுதியைக் காட்டிலும் மிக அதிகமான தாய்மார் ஜுரங்கண்டு இறந்தனர். மாணாக்கர் பிரேத பரிசோதனை செய்த கையோடு பிரசவம் பார்க்க வருவதே காரணமென்று செம்மல்வைஸ் என்னும் வைத்தியர் கண்டார். 1847-ம் வருஷம் மே மாதத்தில், குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவியே உள்ளே வரவேண்டுமென்று உத்தரவிட்டார். ஏப்ரலில் நூற்றுக்குப் பதினெட்டாயிருந்த மரணம் ஜூனில் நூற்றுக்கு இரண்டளவாகக் குறைந்தது. எனினும், தங்கள் கையே மரணத்திற்குக் காரணம் என்பதை அக்காலத்து வைத்தியர் பலர் ஒப்பவில்லை. குற்றத்தை ஒப்புக்கொள்ள மனம் கூசிய அந்தக் கூச்சம் எத்தனையோ உயிர்களைக் கொண்டுபோயிற்று.

ஆகையால் ஊழியர் அனுஷ்டிக்கவேண்டியவற்றுள் முதலாவது, கை சுத்தம். நோயாளியைத் தொடுமுன்னும், புண்ணுக்குக் கட்டுப்போடுதல் முதலிய சுத்தமான காரியங்களுக்கு முன்னும், ரத்தம் முதலியன பட்டபின்னும், நோயாளியைத் தொட்டபின்னும், அவருடைய படுக்கை முதலியவற்றைத் தொட்டபின்னும் கை கழுவுதல் வேண்டும். சோப்பும் நீருமாயின் நாற்பது முதல் அறுபது விநாடியும், சாராயச் சத்துள்ள திரவமாயின் இருபது முதல் முப்பது விநாடியும் தேய்க்கவேண்டும். கையுறை அணிந்தவரும் இதற்கு விலக்கல்லர்.

இரண்டாவது, ஆளை அறிதல். ஒரே வார்டில் முருகன் என்னும் பெயருடையார் இருவர் இருத்தல் இப்பக்கத்தில் சாதாரணம். "நீர்தான் முருகனா?" என்று கேட்டால், ஜுர மயக்கத்தில் கிடப்பவர் எதற்கும் தலையசைப்பார். ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்தில் உருது பேசுவோரும், வேறிடங்களில் தெலுங்கு பேசுவோரும் உளர். கேள்வி விளங்காமலே "ஆம்" என்பாரும் உண்டு. எனவே, "உமது பெயர் என்ன? தகப்பனார் பெயர் என்ன?" என்று கேட்டு, அவர் வாயால் சொல்வித்து, சீட்டுடன் ஒத்துப்பார்த்தல் வேண்டும். நினைவற்றவராயின் உறவினரைக் கேட்பதும், மணிக்கட்டில் கட்டிய அடையாளத்தைப் பார்ப்பதும் அவசியம்.

மூன்றாவது, மருந்து. சரியான ஆள், சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான வேளை என்னும் ஐந்தையும் ஒவ்வொரு தடவையும் பார்க்கவேண்டும். சிறு மருந்துக் குப்பிகள் பல ஒன்றுபோலவே தோன்றும். நிறத்தை நம்பாமல் பெயரைப் படித்தலே முறை. டாக்டர் வாய்மொழியாகச் சொல்லும் உத்தரவைத் திருப்பிச் சொல்லி உறுதி செய்துகொள்ளல் வேண்டும். எஞ்சினில் இருவர் செய்வதும் இதுவே.

நான்காவது, ஊசியும் ரத்தமும். ஒரு நோயாளிக்கு உபயோகித்த ஊசியையும் ஸிரிஞ்சையும் மற்றொருவருக்கு உபயோகித்தல் பெரும்பிழை. உபயோகித்த ஊசிக்கு மீண்டும் மூடி போடாமல், துளைபடாத பெட்டியில் உடனே இடவேண்டும். 1986-ல் சென்னையில் எடுத்த ரத்த மாதிரிகளை வேலூரில் பரிசோதித்தபோதே, எய்ட்ஸ் நோய்க் கிருமி இந்தியாவில் முதன்முதல் வெளிப்பட்டது. பரிசோதியாத ரத்தம் ஒரு துளியும் ஏற்றலாகாது. ஏற்றுமுன் பெயரையும் ரத்தப் பிரிவையும் இருவர் தனித்தனியே பார்ப்பது அவசியம்.

ஐந்தாவது, தொழிலை விசாரித்தல். தோல் பதனிடும் ஷெட்டில் வேலை செய்வோருக்குச் சுண்ணாம்பினாலும் குரோமிய உப்பினாலும் கைகளில் புண் உண்டாவதுண்டு. அடைப்பான் நோயால் மாண்ட மாட்டின் தோலைத் தொடுவோருக்கு அந்நோயே தொற்றக்கூடும். நடுவில் கறுத்து, வலியின்றி நிற்கும் புண் அதன் அடையாளம். தொழிலைக் கேளாமல் களிம்பு தடவி அனுப்பினால் உயிருக்கே மோசம் வரலாம்.

சஸ்திர சிகிச்சைக்கும் இத்தகைய முறை உண்டு. ஆளும் அங்கமும் சிகிச்சையும் இன்னவென்று எல்லோரும் கேட்க வாய்விட்டுச் சொல்லும் ஜாபிதாவை உலக சுகாதார ஸ்தாபனம் 2008-ல் வெளியிட்டது. புது டில்லி உள்ளிட்ட எட்டு நகரங்களில் அதனைக் கையாண்டு பார்த்ததில், மரணம் நூற்றுக்கு 1.5-லிருந்து 0.8 ஆகக் குறைந்ததென்று 2009-ல் வெளியாயிற்று. இதற்கு விலையுயர்ந்த யந்திரம் எதுவும் வேண்டுவதில்லை. ஒரு காகிதமும், வாய்திறந்து பேசும் வழக்கமுமே போதும்.

கடைசியாக ஒன்று. தவறு நேர்ந்தால் அதனை மறைத்தல் கூடாது. நேரவிருந்து தப்பிய தவறையும் சொல்லவேண்டும். இளந்தாதி ஒருத்தி, "ஐயா, இது வேறு மருந்தல்லவா?" என்று கேட்டால், பெரியவர்கள் சினங்கொள்ளாமல் நன்றி கூறுதல் அழகு. நோயாளியின் தாயார் "கை கழுவினீர்களா?" என்று கேட்டாலும் அவ்வாறே. சொன்னவரைத் தண்டித்தால் மறுநாள் ஒருவரும் சொல்லமாட்டார். குறை மட்டும் அங்கேயே இருந்து, அடுத்த நோயாளிக்காகக் காத்திருக்கும்.

2019-ம் வருஷம் முதல் செப்டம்பர் 17-ந் தேதி உலகெங்கும் நோயாளர் பாதுகாப்பு தினமாகக் கொண்டாடப்படுகிறது. கொண்டாட்டம் ஒரு நாளோடு முடியும். கைகழுவும் தொட்டியும் மருந்துச் சீட்டும் தினந்தோறும் இருக்கின்றன. நோயாளி தம் உயிரையே நம்பி ஒப்படைக்கிறார். அந்நம்பிக்கைக்குப் பங்கம் வராமல் காப்பதே ஆஸ்பத்திரி ஊழியரின் முதற் கடமையாகும்.