கரியடுப்பும் கறளும்



இறைச்சி வாட்டும் கரியடுப்பில் எனாமல் ஓரிடத்திற் பெயர்ந்துவிட்டால் அடுப்பே போயிற்றென எண்ணுவோர் பலர். எனாமல் என்பது வர்ணமன்று. ஏறத்தாழ 800 பாகை செல்சியசு வெப்பத்தில் இரும்பின்மேல் உருக்கிப் பதித்த கண்ணாடியே அது. ஆதலால் வீட்டில் அதனை மீளப் பூச இயலாது. வெளிப்பட்ட இரும்பைக் கறளினின்று காப்பதே நம்மால் இயன்றது.

மழையைக் குறைகூறுகிறோம்; உண்மைப் பகைவன் அடுப்பில் விட்ட சாம்பலே. ஐப்பசி, கார்த்திகை மாரியில் எங்கள் ஓமந்தைப் பக்கத்து ஈரக்காற்றை அது உறிஞ்சி, இரும்போடு ஒட்டவைத்திருக்கும். தணல் முற்றாக ஆறியபின் சாம்பலை அள்ளிவிடுங்கள். கத்தரிப் பாத்திக்கு அது நல்ல உரமுமாகும்.

கறள் படிந்த இடத்தைக் கம்பித் தூரிகையாலும் அரத்தாளாலும் தேய்த்துத் துடைத்து உலர்த்துங்கள். வெளிப்புறத்திற்கு, அடுப்புகளுக்கென விற்கும் வெப்பந்தாங்கும் வர்ணம் பூசலாம். உட்புறத்திற்கு வர்ணம் வேண்டா. நல்லெண்ணெயை மெல்லியதாகத் தடவிச் சூடேற்றினாற் போதும்.

உணவு படும் தட்டின் செய்தி வேறு. அதன் எனாமல் உதிருமாயின் உதிர்வது கண்ணாடிச் சில்லு. அங்கே சிக்கனம் பாராமல் தட்டை மாற்றுங்கள். கம்பித் தூரிகையின் இழை உணவோடு சென்று தொண்டையிற் சிக்கியவர்களும் உண்டு. தட்டைத் தேய்க்கத் தேங்காய்ப் பொச்சே போதும்.