உணர்வுள்ள இருதயம்

(மருத்துவமனைப் பங்காளர் கூடுகையில் சிற்றாலயப் போதகர் அளித்த செய்தி)



மாற்கு சுவிசேஷம் மூன்றாம் அதிகாரத்தின் தொடக்கத்தைச் சற்று தியானிப்போம். ஓய்வுநாளில், ஜெப ஆலயத்தில், சூம்பின கையையுடைய ஒரு மனுஷன் இருக்கிறான். அது வலது கை என்று லூக்கா எழுதுகிறார். வைத்தியர் அல்லவா, எந்தக் கை என்று கவனித்திருக்கிறார்! இயேசு அவனை நடுவிலே நிற்கச் சொல்லி, இந்த நாளில் நன்மை செய்வதா, தீமை செய்வதா என்று கேட்கிறார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அப்பொழுது ஆண்டவருக்குக் கோபமும் வந்தது, துக்கமும் வந்தது. அந்தத் துக்கம் சூம்பின கையைக் குறித்தது அல்ல. அது நொடியில் சொஸ்தமாகப் போகிறது. சுற்றி இருந்தவர்களின் இருதயகடினமே அவரைத் துக்கப்படுத்தியது.

இருதயகடினம் என்று நாம் வாசிக்கும் இடத்தில் கிரேக்க மூலத்தில் 'போரோசிஸ்' என்ற சொல் இருக்கிறது. முறிந்த எலும்பு கூடும் இடத்தில் கெட்டியாக வளருவதைக் குறிக்க வைத்தியர்கள் வழங்கிய சொல் அது. நம் வழக்கில் காய்ப்பு என்று சொல்லலாம். மண்வெட்டி பிடித்துப் பிடித்து உள்ளங்கை காய்த்துப்போகிறதே, அப்படி. கைக்கு அது பாதுகாப்பு. இருதயத்துக்கோ ஆகாது.

உணர்வு போனால் என்ன நேரிடும் என்பதை வேலூரில் கண்டார்கள். கொல்லிமலையில் மிஷனரிப் பெற்றோருக்கு 1914-ல் பிறந்த டாக்டர் பால் பிராண்ட் 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளியின் விரல்கள் நோயினாலேயே அழுகி விழுகின்றன என்று பலரும் நம்பியிருந்த காலம் அது. அவரும் உடன் ஊழியர்களும் ஒவ்வொரு காயமும் எப்படி வந்தது என்று பொறுமையாய்த் தேடினார்கள். நோய் நரம்பைத் தாக்கி வலியை எடுத்துப்போடுகிறது. வலி தெரியாதபடியால் நோயாளி கொதிக்கும் பாத்திரத்தைப் பிடிக்கிறார், ஆணி குத்திய காலோடு நடக்கிறார். கையையும் காலையும் அழித்தவை பெரும்பாலும் இந்தக் காயங்களே.

பரிசேயரைப்பற்றி மட்டும் வேதம் இப்படிச் சொல்லியிருந்தால் நமக்கு நிம்மதி! ஆனால் ஆறாம் அதிகாரத்தில், ஐயாயிரம் பேருக்கு அப்பம் பரிமாறிய அதே இரவில், படவில் இருந்த சீஷர்களின் இருதயமும் கடினமாயிருந்தது என்று மாற்கு எழுதுகிறார். அங்கும் அந்தச் சொல்லின் வினைதான். அப்பத்தைக் கொடுத்த கைகள், காய்த்துப்போன இருதயம். இரண்டும் ஒரே ஆளிடத்தில் இருக்கக் கூடும்.

ஆகையால் இந்த வார்த்தை கொடுக்கிறவர்களுக்கும் பணிவிடை செய்கிறவர்களுக்கும் உரியது. வார்டில் நாற்பது கட்டில்களைக் கடந்துபோகிறவருக்கு நாற்பத்தோராவது முனகல் காதில் விழாமற்போகலாம். மாதந்தோறும் விண்ணப்பக் கடிதங்கள் பெறும் உங்களுக்கும் அந்த ஆபத்து உண்டு. கண்ணீர் வரவழைக்கவென்றே படங்களை அச்சிடுகிற பத்திரிகைகள் இந்தக் காய்ப்பை இன்னும் தடிக்கச் செய்கின்றன என்பது எங்கள் எண்ணம். ஆகவேதான் இந்த மடலில் அப்படிப்பட்ட படங்களை நாங்கள் போடுவதில்லை.

உணர்விழந்த நோயாளிகளுக்குத் தொழுநோய் மருத்துவமனைகளில் ஒரு பழக்கத்தைக் கற்றுக்கொடுப்பார்கள். தினமும் கைகால்களைத் தண்ணீரில் ஊறவைத்து, எண்ணெய் தடவி, புதுக் காயம் உண்டா என்று கண்ணாலே தேடவேண்டும். நரம்பு சொல்லாததைக் கண் சொல்லவேண்டும். எங்கள் செவிலியரின் மாலை ஜெபத்தில் நாங்களும் அப்படியே செய்து வருகிறோம். இன்று யாருடைய முகத்தைப் பாராமல் ஊசி போட்டோம், யாருடைய பேரைக் கேளாமல் வந்தோம் என்று ஆண்டவர் சமுகத்தில் அமைதியாய் நினைத்துப் பார்ப்போம். மறுநாள் காலையில் அந்தக் கட்டிலுக்கே முதலில் போவோம்.

உங்களில் சிலர் காணிக்கையோடு ஒரு துண்டுக் காகிதமும் வைத்து அனுப்புகிறீர்கள். போன மடலில் ஜெபிக்கச் சொன்னீர்களே, தீக்காயம்பட்ட அந்தத் தாய் எப்படி இருக்கிறார் என்று கேட்டு எழுதுகிறீர்கள். அந்தக் காகிதங்களை வார்டிலே சத்தமாய் வாசித்துக் காட்டுகிறோம். அந்தத் தாய் இப்பொழுது தாமே கரண்டி பிடித்துச் சாப்பிடுகிறார். எழுதினவர் யார், எந்த ஊர் என்று எங்களிடம் இரண்டு தரம் கேட்டார்.