வாடகை வீடு ஏலப்பொருள் அல்ல!



மெப்ஸ் ஆலைகளில் உழைப்பவர்களும், ஊரில் நடவும் அறுப்பும் இல்லாத நாளில் கட்டிட வேலைக்கு வந்தவர்களும் தலைசாய்க்க ஓர் அறை தேடுகிறோம். பம்மலிலும் பெருங்களத்தூரிலும் ‘வீடு வாடகைக்கு’ என்ற அட்டை தொங்குகிறது. எவ்வளவு வாடகை என்று அதில் இல்லை! கேட்டால் தரகர் சொல்கிறார்: “இன்னொருவர் 7,000 தருகிறேன் என்றார். நீங்கள்?”

இது ஏலமல்லாமல் வேறென்ன? 6,000 ரூபாய் அறை 7,000 ஆனால் ஆண்டுக்கு 12,000 ரூபாய் நம் கூலியிலிருந்து போகிறது. மறுமாதம் பக்கத்து வீட்டுக்காரரும் அதையே கேட்பார். ஏலத்தில் வென்றவரும் தோற்றவரும் நாம்தான்!

சட்டம் என்ன சொல்கிறது? 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தில் நியாய வாடகை நிர்ணயிக்க வழி இருந்தது. 2019 பிப்ரவரி 22-ல் அமலுக்கு வந்த புதிய சட்டத்தில், இருவரும் ஒப்புக்கொண்டதே வாடகை. போட்டி ஏலத்துக்குத் தடை இல்லை.

தடை போட முடியாதா? முடியும். குத்தகை விவசாயிக்காக 1956-லேயே நம் மாநிலத்தில் நியாயவாரச் சட்டம் வந்தது. நிலத்துக்கு உண்டானது கூரைக்கு ஏன் கூடாது? நியூசிலாந்தில் 2021 முதல், வாடகையைக் குறிப்பிட்டே விளம்பரம் செய்ய வேண்டும். கூடுதல் தொகை கேட்டு ஏலம் விடக்கூடாது. இங்கிலாந்து 2025-ல் இயற்றிய சட்டம், குறித்த வாடகைக்கு மேல் யாராவது தானாக முன்வந்து கொடுத்தாலும் வாங்கக்கூடாது என்கிறது.

வீட்டுக்காரர்கள் எல்லாரும் பெருமுதலாளிகள் அல்லர். ஓய்வு பெற்று, மாடியில் ஓர் அறை கட்டி விட்டவர்களும் உண்டு. அவர்களிடம் நாம் கேட்பது இதுதான்: அட்டையிலேயே வாடகையை எழுதுங்கள். சொன்ன தொகையை ஏற்று முதலில் வந்தவருக்கு வீட்டைக் கொடுங்கள். ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டுப் பதிவு செய்யுங்கள். முன்பணத்துக்குச் சட்டம் காட்டும் அளவு மூன்று மாத வாடகை; பத்து மாதம் கேட்காதீர்கள். வாங்கிய பணத்துக்கு ரசீது கொடுங்கள். இதனால் அவர்களுக்கு நஷ்டமில்லை. வழக்கு வந்தால் அந்தக் காகிதமே அவர்களுக்கும் துணை.

நமக்கும் ஒரு கடமை உண்டு. சக தொழிலாளி பேசி முடித்த வீட்டுக்கு ஐந்நூறு கூட்டிக் கேட்பதில்லை என்று ஒவ்வொரு தெருவிலும் உறுதி எடுப்போம். ஏலத்தைத் தடை செய்யும் விதியைச் சட்டத்தில் சேர்க்கக் கோரிக் கையெழுத்துத் திரட்டுவோம். கூலிக்காக ஒன்றுபட்ட நாம் கூரைக்காகவும் ஒன்றுபடுவோம்!