ஜார்ஜ் திருநாளும் ஆங்கிலேயரின் சங்கடமும்



சென்னையில் அரசாங்கம் என்றால் கோட்டை. 'ஃபைல் கோட்டைக்குப் போயிருக்கிறது', 'கோட்டையில் ஆள் தெரியுமா?' என்றுதான் பேசிப் பழகியிருக்கிறோம். அந்தக் கோட்டை செயின்ட் ஜார்ஜ் கோட்டையானதற்குக் காரணம் ஒரு தேதி. கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் அதன் முதல் கட்டத்தை முடித்த நாள், 1640 ஏப்ரல் 23. இங்கிலாந்தின் பாதுகாவலர் புனித ஜார்ஜுக்கு அன்றுதான் திருநாள். கையோடு அவர் பெயரையே வைத்துவிட்டார்கள்.

ஊரைவிட்டு இவ்வளவு தூரம் வந்து, வெயிலில் காய்ந்துகொண்டிருந்தவர்களுக்கு அந்தத் தேதி ஞாபகம் இருந்தது. ஊரிலேயே இருக்கும் இன்றைய ஆங்கிலேயருக்கோ ஏப்ரல் 23 இன்னொரு வேலை நாள். 'உங்கள் பாதுகாவலர் திருநாளாயிற்றே, கொண்டாட்டம் ஒன்றும் இல்லையா?' என்று கேட்டுப் பாருங்கள். பலரிடமிருந்து ஒரு சங்கடச் சிரிப்புதான் பதிலாக வரும்.

அக்கம்பக்கத்தில் அப்படி இல்லை. பேட்ரிக் திருநாளான மார்ச் 17 வட அயர்லாந்தில் பொது விடுமுறை. ஆண்ட்ரூ திருநாளை வங்கி விடுமுறையாக்க ஸ்காட்லாந்து 2007-இல் சட்டமே போட்டது. வேல்ஸில் விடுமுறை கிடையாது. ஆனால் மார்ச் 1 வந்தால் டேவிட் பெயரைச் சொல்லிச் சட்டையில் டாஃபடில் பூவைக் குத்திக்கொள்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், லண்டனில் பேட்ரிக் ஊர்வலம் போகும்போது பச்சைத் தொப்பி மாட்டிக்கொண்டு கின்னஸ் பீர் குடிப்பவர்களில் ஆங்கிலேயரும் உண்டு.

ஏன் இந்தக் கூச்சம்? 'ஜார்ஜ் ஆங்கிலேயரே இல்லையே' என்பார்கள். உண்மைதான். மரபுக் கதைப்படி அவர் இன்றைய துருக்கியில் உள்ள கப்படோசியாவைச் சேர்ந்த ரோமானியப் படைவீரர். பேரரசர் டயோக்ளீஷியன் காலத்தில், 303 வாக்கில், விசுவாசத்துக்காக உயிர் விட்டவர். டிராகனைக் கொன்ற கதை பல நூற்றாண்டு கழித்து வந்து ஒட்டிக்கொண்டது. அதுவும் லிபியாவில் நடந்ததாகத்தான் கதை. இங்கிலாந்து மண்ணை அவர் மிதித்ததே இல்லை. இருக்கட்டும். பேட்ரிக் அயர்லாந்தில் பிறந்தவரா? பிரிட்டனிலிருந்து அடிமையாகப் பிடித்துக்கொண்டு போகப்பட்டவர். ஆண்ட்ரூ கலிலேயாக் கடலில் மீன் பிடித்தவர். அவர்களைக் கொண்டாட அது தடையாகவில்லையே. ஆகவே இது வெறும் சாக்கு என்பதுதான் என் எண்ணம்.

விஷயம் வேறு. 1707-இல் ஸ்காட்லாந்தும் இங்கிலாந்தும் ஒரே நாடாயின. பிறகு பேரரசு. கூட்டுக்குடும்பத்தில் மூத்த அண்ணன் தனக்கென்று தனியாக ஒரு பெட்டியைப் பூட்டி வைத்துக்கொள்ள மாட்டான். வீடே தன்னுடையது என்ற நினைப்பு அவனுக்கு. ஆங்கிலேயர் கதையும் அதுதான். 'பிரிட்டிஷ்' என்றாலே தாங்கள்தான் என்று இருந்துவிட்டார்கள். ஸ்காட்லாந்துக்கும் வேல்ஸுக்கும் 1999 முதல் தனி அவை இருக்கிறது, இங்கிலாந்துக்கு இல்லை. கால்பந்து மைதானத்தில் ஸ்காட்லாந்துக்காரர் தங்கள் பாட்டைப் பாட, இங்கிலாந்து அணியினர் பிரிட்டன் முழுமைக்குமான அரச கீதத்தைப் பாடிக்கொண்டு நிற்கிறார்கள்.

ஆனால் அதே ஆங்கிலேயர் வெளிநாடு போனால் ஜார்ஜ் வந்துவிடுவார். நியூயார்க்கில் 1770-இலேயே அவர் பெயரில் சங்கம் வைத்து, நொடித்துப்போன தம் ஊர்க்காரர்களுக்கு உதவினார்கள். எதிரே வேறொருவர் இருந்தால்தான் 'நாம் யார்' என்ற கேள்வி எழும் போலிருக்கிறது. 1966-இல் வெம்ப்ளி மைதானத்தில் இங்கிலாந்து கால்பந்து உலகக் கோப்பையை வென்றபோது ரசிகர்கள் கையில் இருந்தது பிரிட்டனின் கொடியான யூனியன் ஜாக். முப்பது வருடம் கழித்து, 1996 ஐரோப்பியக் கோப்பையில் அதே வெம்ப்ளிக்கு ஸ்காட்லாந்து ஆட வந்தது. யூனியன் ஜாக் இரண்டு அணிக்கும் பொதுவாயிற்றே! அந்தக் கோடையில்தான் வெள்ளையில் சிவப்புச் சிலுவை போட்ட ஜார்ஜ் கொடி மைதானத்தை நிறைத்தது.

அந்தக் கொடியில்தான் சிக்கலும். வெள்ளை இனவாதக் கட்சியான நேஷனல் ஃபிரண்ட், 1979-இல் தெற்காசியர் நிறைந்த சவுத்தாலில் தேர்தல் கூட்டம் போட்டது. தேர்ந்தெடுத்த நாள் ஏப்ரல் 23. எதிர்த்துத் தெருவில் இறங்கியவர்களில் பிளேர் பீச் என்ற நியூசிலாந்து ஆசிரியர் தலையில் அடிபட்டு இறந்தார். அடித்தது பெரும்பாலும் ஒரு போலீஸ்காரராகத்தான் இருக்கும் என்று போலீஸ் துறையின் உள்விசாரணையே முடிவு கண்டிருந்தது. அந்த அறிக்கை வெளியே வர 2010 ஆயிற்று. பின்னாளில் வலதுசாரிக் கும்பல்கள் ஜார்ஜ் கொடியையே தூக்கிக்கொண்டு ஊர்வலம் போயின. சவுத்தாலில் வளர்ந்த ஒருவர் அந்தக் கொடியைப் பார்த்து முகம் சுளித்தால் அவரைக் குறை சொல்ல முடியுமா?

அதற்காகக் கொடி கட்டியவரையெல்லாம் இனவாதி என்பதும் அநியாயம். 2014-இல் ராச்செஸ்டர் இடைத்தேர்தலின்போது, தொழிற்கட்சியின் எமிலி தார்ன்பெரி ஒரு வீட்டைப் படம் எடுத்து ட்விட்டரில் போட்டார். சுவரில் ஜார்ஜ் கொடிகள், வாசலில் வெள்ளை வேன். ஏளனமாக ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. ஆனாலும் உழைக்கும் மக்களை மேட்டுக்குடிக்காரர் இளக்காரம் செய்கிறார் என்று ஊரே கொதித்தது. அன்றே அவர் நிழல் அமைச்சர் பதவியை விட்டார். 2025 கோடையில் விளக்குக் கம்பங்களில் இந்தக் கொடிகளைக் கட்டும் இயக்கம் கிளம்பியபோதும் அதே சண்டைதான்: ஒரு தெருவில் பெருமிதம், அடுத்த தெருவில் பயம்.

விடுமுறை விட்டால் தீருமா? நான்கு பாதுகாவலர் நாட்களுக்கும் விடுமுறை என்று 2017 தேர்தலில் தொழிற்கட்சி வாக்குறுதி கொடுத்தது. அந்தத் தேர்தலில் அது ஆட்சிக்கு வரவில்லை; விடுமுறையும் வரவில்லை.

என்னைக் கேட்டால், கொடியை விட்டுவிட்டு டிராகனைப் பிடித்துக்கொள்ளலாம். நார்விச் நகரத்தில் ஜார்ஜ் பெயரில் ஒரு பழைய சங்கம் இருந்தது. திருநாள் ஊர்வலத்தில் ஜார்ஜ், மார்கரெட் என்ற புனிதை, டிராகன் மூவரும் போவார்கள். மதச் சீர்திருத்தம் வந்து புனிதர்கள் கூடாது என்றானது. நகரத்தார் ஜார்ஜையும் மார்கரெட்டையும் நிறுத்திவிட்டு, வேடிக்கைக்காக டிராகன் மட்டும் வரலாம் என்று தீர்மானித்தார்கள்! 'ஸ்னாப்' என்ற அந்த டிராகன் 1835 வரை மேயர் ஊர்வலத்தில் ஆடியது. அதன்பிறகும் பாக்தார்ப் பேட்டைவாசிகள் தங்களுக்கென்று ஒரு ஸ்னாப் செய்து, பல காலம் தெருவில் ஆட்டினார்கள். உள்ளே ஒருவர் நுழைந்துகொண்டு, கழுத்தை நீட்டி, வாயைப் படக்கென்று மூடித் திறந்து பையன்களின் தொப்பியைக் கவ்விக்கொள்வார். ஒரு பென்னி கொடுத்தால்தான் தொப்பி திரும்பக் கிடைக்கும்.