போயிருக்கிறார் என்றால் ஆள் எங்கே?

பதுளையிலும் பண்டாரவளையிலும் பஸ் நிலையத்தைச் சுற்றி ஒட்டியிருக்கும் ஆங்கில வகுப்பு விளம்பரங்களைப் பார்த்திருப்பீர்கள். முப்பது நாளில் ஆங்கிலம், இலக்கணமே வேண்டாம் என்கிறார்கள். எனக்கு இதில் துளியும் உடன்பாடு இல்லை. பாடசாலையில் ஆசிரியர்கள் நாங்கள் செய்வதும் சரியில்லை. கட்டம் போட்டு, ஹேவ், ஹேஸ், பிறகு வினையின் மூன்றாம் வடிவம் என்று ஒப்புவிக்க வைக்கிறோம். பிள்ளை ஒப்புவிக்கிறது, ஆனால் பேச வாய் திறப்பதில்லை.

இந்தப் பிரசன்ட் பெர்ஃபெக்ட் எப்படி அமையும் என்பது உங்களுக்குத் தெரியும். அது எதற்கு என்பதைத்தான் சொல்ல வந்தேன். தேயிலை மலையில் "கொழுந்து நிறுத்தாச்சா?" என்று கேட்கிறோம். எத்தனை மணிக்கு நிறுத்தார்கள் என்றா கேட்கிறோம்? இனி லயத்துக்குப் போகலாமா என்று கேட்கிறோம். "சாப்பிட்டாச்சா?" என்பதும் அப்படித்தான். நடந்தது முன்பு, பேச்சு இப்போதைப் பற்றி. மறுபடியும் சொல்கிறேன்: நடந்தது முன்பு, பேச்சு இப்போதைப் பற்றி.

அதனால்தான் இதோடு "யெஸ்டர்டே" சேராது. ஈரத் தரையைப் பார்த்து "நேற்று மழை பெய்திருக்கிறது" என்று தமிழில் தாராளமாகச் சொல்கிறோம். ஆங்கிலத்தில் "இட் ரெய்ன்ட் யெஸ்டர்டே" என்றுதான் வரும். பதுளைக்கு ரயில் பாதை வந்தது 1924இல். ஆண்டைச் சொல்லிவிட்டீர்களா, "கேம்" போதும், "ஹேஸ் கம்" வேண்டாம். ஹப்புத்தளைக்கு வந்து தோட்டம் வாங்கிய தோமஸ் லிப்டன் 1931இல் காலமானார். அவரைப் பற்றி "ஹி ஹேஸ் விசிட்டட் ஹப்புத்தளை" என்று இன்று சொல்ல முடியாது. உயிரோடு இருப்பவருக்குத்தான் அந்த ஹேஸ்.

இனி எனக்கு மிகப் பிடித்த இடம். இதற்கு ஒரு பாடவேளை முழுவதையும் கொடுப்பேன். "அவர் பண்டாரவளைக்குப் போயிருக்கிறார்." தமிழில் இந்த ஒரே வாக்கியத்துக்கு இரண்டு பொருள். இப்போது அங்கேதான் இருக்கிறார் என்றும் கொள்ளலாம், எப்போதோ போய்வந்தவர் என்றும் கொள்ளலாம். ஆங்கிலம் இரண்டையும் பிரித்துவிடுகிறது. ஆள் இங்கே இல்லை என்றால் "ஹேஸ் கோன்". போய்த் திரும்பிவிட்டார் என்றால் "ஹேஸ் பீன்".

என் பழைய மாணவர் ஒருவர் எல்லயில் ஒரு விடுதியில் வேலை செய்கிறார். முதலாளி எங்கே என்று ஒரு வெளிநாட்டுப் பெண் கேட்டிருக்கிறார். இவர் "ஹி ஹேஸ் பீன் டு பண்டாரவளை" என்றார். ஆள் திரும்பிவிட்டார், உள்ளே இருக்கிறார் என்று எண்ணி அந்தப் பெண் வாசலிலேயே காத்திருந்தார். முதலாளி வந்தது பொழுது சாய்ந்த பிறகு.

இந்தக் கதையைக் கேட்டதிலிருந்து வகுப்பில் கரும்பலகையைத் தொடாமல் ஒன்று செய்கிறேன். ஒரு பிள்ளையை வெளியே அனுப்புவேன். மற்றவர்கள் "ஷி ஹேஸ் கோன் அவுட்" என்று சொல்ல வேண்டும். அவள் உள்ளே காலை வைத்ததும் "ஷி ஹேஸ் பீன் அவுட்". ஆள் இல்லை, கோன். ஆள் வந்தாச்சு, பீன். இரண்டு சுற்று போதும், கடைசி வாங்கில் இருக்கும் பிள்ளையும் பிழைவிடாது. எந்தக் கட்டமும் இதைச் செய்ததில்லை.

இன்னும் ஒன்று, இதை நான் விடமாட்டேன். மலையகத் தமிழர் நாம் "இருநூறு வருஷமாக இங்கே இருக்கிறோம்" என்று தமிழில் நிகழ்காலத்தில் சொல்கிறோம். ஆங்கிலத்தில் அது "வீ ஹேவ் லிவ்ட் ஹியர் ஃபார் டூ ஹண்ட்ரட் இயர்ஸ்". ஹேவ் விழுந்தால் "வீ லிவ்ட் ஹியர்", அதாவது இருந்தோம், இப்போது இல்லை. 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு கப்பலேறி நீலகிரிக்குப் போன நம் உறவினர்களுக்கு அந்த "லிவ்ட்" பொருந்தும். ஊவா மலைகளில் இன்னும் கொழுந்து பறிக்கிறவர்களுக்குப் பொருந்தாது. 2023இல் மலையகம் 200 என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்களே, அந்த வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதும் பிள்ளை ஹேவை விட்டுவிட்டால், படிக்கிறவர் நாம் போய்விட்டோம் என்றே எடுத்துக்கொள்வார்.