முறுக்காதீங்க, ஊற விடுங்க

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)

நான் பத்தாவது வரைக்கும் படித்தவள். மேடையில் பேசிப் பழக்கமில்லை. தப்பு இருந்தால் பொறுத்துக்கோங்க.

எங்க குழுவில் உள்கடன் எடுத்துத்தான் பழைய தையல் மிஷின் ஒன்று வாங்கினேன். ஒரு வருஷம் நல்லா ஓடிச்சு. பள்ளிக்கூடம் திறக்கிற ஜூன் மாசம், வீடு நிறைய யூனிபார்ம் துணி கிடக்கும்போது மிஷின் இறுகிப்போச்சு. சக்கரம் அசையவே இல்லை. துணி கொடுத்தவங்க வாசலில் நிற்கிறாங்க. பதற்றத்துல சக்கரத்தை ரெண்டு கையாலும் பிடிச்சு பலமா திருப்பினேன். ஊசி ஒடிஞ்சது. ஷட்டில் முனையும் உடைஞ்சுபோச்சு. அந்த மாசத் தவணையை என்னால் கட்ட முடியலை. குழுக் கூட்டத்துல தலை குனிஞ்சு உட்கார்ந்திருந்தேன்.

பழைய இரும்புக்குப் போட்டுடலாம்னு வீட்டுக்காரர் சொன்னார். அப்போ எங்க குழுவில் பல வருஷமா தைக்கிற ஒரு அக்கா வந்து பார்த்தாங்க. முதல் கேள்வியே, "என்ன எண்ணெய் விட்டே?" என்பதுதான். வீட்டில் இருந்த தேங்காய் எண்ணெயைத்தான் விட்டேன்னு சொன்னேன். அதுதான் காரணம்னாங்க. தேங்காய் எண்ணெய் குளிருக்கு உறைஞ்சிடும். நாளாக ஆக, தூசியும் துணிப் பஞ்சும் சேர்ந்து பிசின் மாதிரி பிடிச்சுக்கும்.

அக்கா செய்ததைச் சொல்றேன். ஊசியைக் கழற்றினாங்க. ஷட்டிலைக் கழற்றி, உள்ளே சிக்கின நூலையும் பஞ்சையும் பழைய பல் பிரஷ்ஷால் எடுத்தாங்க. எண்ணெய் விடுகிற ஓட்டை எல்லாத்திலும் சில சொட்டு மண்ணெண்ணெய் விட்டு, ராத்திரி முழுக்க ஊற விட்டாங்க. அடுப்புப் பக்கமே கொண்டுபோகலை. காலையில் சக்கரத்தை முன்னும் பின்னும் மெதுவா அசைச்சாங்க. கொஞ்சம் கொஞ்சமா இளகி, முழுச் சுற்றும் சுற்றிச்சு! கரைஞ்சு வந்த கறுப்பு அழுக்கைத் துடைச்சுட்டு, ஓட்டைக்கு ஒரு சொட்டு மிஷின் எண்ணெய் விட்டாங்க. மண்ணெண்ணெய் அழுக்கைக் கரைக்கத்தான். அதை விட்டதோட நிறுத்தினா இரும்பும் இரும்பும் உரசித் தேயும். புது ஷட்டில் மாட்டி, முதலில் கழிவுத் துணியில் தைச்சுப் பார்த்தோம்.

இரும்புக்குச் சொன்ன வைத்தியம் பிளாஸ்டிக்குக்கு ஆகாது. மருந்தடிக்கிற டேங்க் மூடி இறுகினா பலரும் ஸ்பேனர் போட்டுத் திருகுறாங்க. மரை தேய்ஞ்சிடும், மூடி வெடிச்சிடும். மண்ணெண்ணெய் விட்டா உள்ளே இருக்கிற ரப்பர் வாஷர் உப்பிக் கெட்டுப்போகும். கையுறை போட்டுக்கிட்டு, மூடியைச் சுத்தி வெதுவெதுப்பான சோப்புத் தண்ணி ஊத்துங்க. கொதிக்கிற தண்ணி வேண்டாம், பிளாஸ்டிக் நெளிஞ்சிடும். காய்ஞ்ச மருந்து கரைஞ்சதும் கையாலேயே திறக்க வரும். நாசில் அடைச்சா அதையும் சோப்புத் தண்ணியில் ஊறப்போட்டு பிரஷ்ஷால் தேய்ங்க. வாய் வைச்சு மட்டும் ஊதிடாதீங்க அக்கா, அது விஷம். மருந்தடிச்ச அன்னைக்கே டேங்கைக் கழுவிட்டா இந்தப் பாடே இல்லை.

துருப்பிடிச்ச ஸ்க்ரூவுக்கும் பொறுமைதான் வேணும். மண்ணெண்ணெய் விட்டுக் காத்திருந்து, லேசா தட்டி, சரியான அளவு ஸ்க்ரூ டிரைவரால் திருப்புங்க. சின்னதை வைச்சுத் திருப்பினா தலை சிதைஞ்சிடும்.

கடைசியா ஒரு வேண்டுகோள். நம்ம குழுக்களில் கடன் போட்டு வாங்கின மிஷின் எத்தனையோ மூலையில் சாக்கு மூடிக் கிடக்கு. புது மிஷினுக்கு இன்னொரு கடன் கேட்கிறதுக்கு முன்னாடி, அதை ஒரு ராத்திரி ஊற வைச்சுப் பாருங்க. குழுவுக்கு ஒரு மிஷின் எண்ணெய் டப்பாவும் ஒரு பிரஷ்ஷும் பொதுவா வாங்கி வைக்கலாம். என் மிஷின் இன்னைக்கும் ஓடுது. கடனையும் அடைச்சுட்டேன்.