பார்த்தால் தெரியாது, பரிசோதித்தால் தெரியும்



ஒரு வீட்டில் பழைய மரக்கதவு இருக்கிறது. மேலே பூசிய வர்ணம் மங்கவில்லை. உள்ளே கரையான் அரிக்கிறது. ஒருநாள் பலத்த காற்று அடிக்கிறது. கதவு சாய்ந்துவிடுகிறது. "நேற்று வரை நன்றாகத்தானே இருந்தது!" என்கிறார் வீட்டுக்காரர். கதவு ஒரே நாளில் கெட்டதா? இல்லை. பல வருடங்களாகக் கெட்டது. அன்றுதான் தெரிந்தது.

எச்.ஐ.வி. கிருமியும் இப்படித்தான் வேலை செய்கிறது.

ஒடிசா மாநிலத்தில் கஞ்சம் என்று ஒரு மாவட்டம். அங்கிருந்து பலர் குஜராத்தில் உள்ள சூரத் நகருக்குப் போகிறார்கள். விசைத்தறியில் வேலை செய்கிறார்கள். அப்படிப் போன ஒருவரை மனதில் நினைத்துக்கொள்ளுங்கள். வயது 38. மாதம் தவறாமல் வீட்டுக்குப் பணம் அனுப்புவார். வருடத்திற்கு ஒருமுறை ஊருக்கு வருவார். எட்டு வருடங்களுக்கு முன்பே கிருமி அவர் உடலில் நுழைந்துவிட்டது. அவருக்குத் தெரியாது. வலி இல்லை. நோய் இல்லை. வேலையும் நிற்கவில்லை.

பிறகு இருமல் வந்தது. "தறித் தூசுதான்" என்று நினைத்தார். கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டார். உடம்பு இளைத்தது. நடக்கவும் முடியவில்லை. ஊருக்குத் திரும்பினார். அரசு மருத்துவமனையில் சளியைப் பரிசோதித்தார்கள். காசநோய். இரத்தத்தையும் பரிசோதித்தார்கள். எச்.ஐ.வி.

"மிகவும் தாமதமாகத் தெரிந்திருக்கிறது" என்றார் மருத்துவர்.

"இருமல் வந்து மூன்று மாதம்தானே ஆகிறது, ஐயா?" என்று கேட்டார் அவர்.

தாமதம் என்பதை இருமல் வந்த நாளிலிருந்து கணக்கிடுவதில்லை. எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

இரத்தத்தில் சி.டி.4 என்ற அணுக்கள் உள்ளன. இவை உடலின் காவல்காரர்கள். எச்.ஐ.வி. இவற்றைத்தான் அழிக்கிறது. கடுகளவு இரத்தத்தை எடுத்து இவற்றை எண்ணுகிறார்கள். நல்ல உடல்நிலையில் பொதுவாக 500-க்கு மேல் இருக்கும். கிருமி இருப்பது தெரியவரும்போதே எண்ணிக்கை 350-க்குக் கீழே இருந்தால், அது தாமதம். 200-க்குக் கீழே போனால் நோய் முற்றிய நிலை. எய்ட்ஸ் நிலையைக் காட்டும் நோய் வந்துவிட்டால், எண்ணிக்கை எதுவானாலும் தாமதம்தான்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். கிருமி புதிதாகத் தொற்றிய சில வாரங்களில் எண்ணிக்கை சிறிது காலம் குறையலாம். அது தாமதம் ஆகாது.

அந்தத் தொழிலாளியின் எண்ணிக்கை 90.

அவருடைய மனைவியையும் பரிசோதித்தார்கள். அவருக்கும் கிருமி இருந்தது. ஆனால் எண்ணிக்கை 420. நோய் எதுவும் இல்லை. ஒரே வீடு. ஒருவருக்குத் தாமதம். மற்றவருக்குத் தாமதம் இல்லை. குழந்தைகள் இருவருக்கும் கிருமி இல்லை.

"உங்களுக்கு முன்பே தெரிந்திருந்தால் எனக்கு வந்திருக்காதே" என்றார் மனைவி. கணவர் தலை குனிந்தார்.

தாமதத்தால் வரும் கேடு இதுதான். நோயாளியின் உயிருக்கு ஆபத்து. மருந்து வேலை செய்யவும் அதிக நாளாகும். தெரியாமலே இன்னொருவருக்கும் பரவிவிடும்.

ஏன் தாமதம் ஆகிறது? "எனக்கா வரும்?" என்ற எண்ணம். "ஊர் என்ன சொல்லும்?" என்ற பயம். கிருமி ஆளைப் பார்த்து வருவதில்லை. பாதுகாப்பற்ற உடலுறவால் வரும். கிருமியுள்ள இரத்தத்தாலும் ஊசியாலும் வரும். தாயிடமிருந்து குழந்தைக்கு வரும். தொட்டால் வராது. சேர்ந்து சாப்பிட்டால் வராது.

தாமதமாகத் தெரிந்தால் எல்லாம் முடிந்ததா? இல்லவே இல்லை. அவருக்கு முதலில் காசநோய் மருந்து கொடுத்தார்கள். சில நாள் கழித்து எச்.ஐ.வி. மருந்தும் கொடுத்தார்கள். முதல் சில மாதங்கள் கடினமாகத்தான் இருந்தன. பிறகு உடம்பு தேறியது. இப்போது ஊரிலேயே தையல் கடை வைத்திருக்கிறார். கணவனும் மனைவியும் தினமும் மருந்து சாப்பிடுகிறார்கள்.

இந்த மருந்தை 2004 ஏப்ரல் முதல் அரசு இலவசமாகத் தருகிறது. முன்பெல்லாம் அணுக்கள் குறையும் வரை காத்திருக்க வேண்டும். 2017 முதல் அப்படி இல்லை. கிருமி இருப்பது தெரிந்தாலே மருந்து உண்டு. ஆயுள் முழுவதும் சாப்பிட வேண்டும். இரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து, அப்படியே நீடித்தால் உடலுறவின் மூலம் மற்றவருக்குப் பரவாது.

அரசு மருத்துவமனைகளில் பரிசோதனை இலவசம். ஆலோசனையும் கிடைக்கும். கிருமி தொற்றிய முதல் சில வாரங்களில் பரிசோதனையில் தெரியாமல் போகலாம். அதனால் மூன்று மாதம் கழித்து மீண்டும் பார்க்கச் சொல்வார்கள். 1097 என்ற எண்ணில் கட்டணம் இல்லாமல் விவரம் கேட்கலாம்.

பயப்படாதீர்கள். சம்மதம் கேட்டுத்தான் பரிசோதிக்க வேண்டும். முடிவை ரகசியமாக வைக்க வேண்டும். கிருமி உள்ளவரை வேலையிலோ பள்ளியிலோ மருத்துவமனையிலோ ஒதுக்கக் கூடாது. இதற்கென 2017-இல் இயற்றிய சட்டம் 2018 செப்டம்பர் முதல் நடைமுறையில் இருக்கிறது.

கதவு சாயும் வரை காத்திருக்க வேண்டாம். நன்றாக இருக்கும்போதே தட்டிப் பாருங்கள். கடுகளவு இரத்தம் ஒரு குடும்பத்தையே காக்கும்.